அக்கா மகளின் சொற்பட்டியல்

அன்று அந்த அறையில் அக்கா இருந்தார், அவரது ஒன்றரை வயது மகள் இருந்தாள், பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பெண் இருந்தார், நான் இருந்தேன். அத்தான் இல்லை. துறைமுகத்துக்குப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில் அவருக்கு வேலை. அரை நாள் லீவு கேட்டால் அடுத்த கிழமை மணித்தியாலத்தைக் குறைத்துவிடுவார்கள். அவர் வந்திருந்தால் அன்று நாங்கள் நிரப்பிய பத்திரம் வேறு மாதிரி நிரம்பியிருக்கும். பிள்ளையைப் பற்றி எங்கள் வீட்டில் பயந்தவர் அவர் ஒருவர்தான்.

"பின்னால நிண்டு கூப்பிட்டா இவள் திரும்புறாள் இல்ல," என்று அவர் இரண்டு மூன்று தரம் சொல்லியிருந்தார்.

"கிழமையில ஆறு நாள் காணாத ஆளுக்கு அவள் ஏன் திரும்போணும்?" என்பார் அக்கா. "முன்னுக்கு வந்து முகத்தக் காட்டுங்க, சிரிப்பாள்."

அது உண்மை. முகத்தைக் கண்டால் சிரிப்பாள். அத்தானின் பயத்தைப் பார்த்து அக்காவும் நானும் சிரிப்போம்.

அவர்களைக் கூட்டிக்கொண்டு போனவன் நான். மட்டக்களப்பிலிருந்து வந்த எங்கள் குடும்பத்தில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அக்கா மூன்றாம் வகுப்போடு நின்றவர். நான் படித்த பல்கலைக்கழகத்தின் மொழியியல் பகுதி அறிவிப்புப் பலகையில், மூன்று மொழி கேட்டு வளரும் குழந்தைகள் தேவை என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. எங்கள் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், கார்டெரி என்ற பிள்ளைகள் காப்பகத்தில் பிரெஞ்சு, தொலைக்காட்சியில் ஆங்கிலம். எங்களுக்காகவே ஒட்டியது போல இருந்தது. எங்கள் பிள்ளையும் ஓர் ஆராய்ச்சியில் இருப்பாள் என்ற பெருமையோடு அந்தத் தாளின் அடியில் இருந்த துண்டைக் கிழித்தேன்.

பத்திரத்தில் சொற்பட்டியல் ஒன்று இருந்தது. பிள்ளை எந்தச் சொல்லைச் சொல்கிறாள், எந்த மொழியில் சொல்கிறாள் என்று அடையாளம் இட வேண்டும். "சரி பிழை கிடையாது, கேட்டதை மட்டும் குறியுங்கள்," என்றார் ஆராய்ச்சிப் பெண். அதைத் தமிழில் சொன்னேன்.

"எல்லா ஒபிஸிலயும் முதல் இப்பிடித்தான் சொல்லுவாங்க," என்றார் அக்கா.

"பூனை சொல்லுவாளா?"

"சொல்லுவாள்."

"நான் கேக்கல்லயே அக்கா."

"நீ வீட்டில நிண்டாத்தானே கேக்க? போடு."

"ரயில்?"

"ரயில் எங்க கண்டவள்... மெட்ரோவில தானே வந்தம். போடு தம்பி."

அவள் உண்மையில் சொன்னது 'மா', 'பா' இரண்டும்தான். ஆனால் எங்கள் குடும்பத்தில் பத்திரம் என்றால் தேர்வு. அகதிக் கோரிக்கைக்குப் பிறகு யாரும் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விட்டதில்லை. நான் புள்ளி போடுவது போலக் கட்டங்களை நிரப்பிக்கொண்டு போனேன். அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது.

கடைசிப் பக்கத்தில் பிள்ளையின் கேட்கும் திறன் பற்றி எப்போதாவது கவலைப்பட்டதுண்டா என்று ஒரு கேள்வி. வாசித்துக் காட்டினேன். அக்கா பிள்ளையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார்.

"அத்தான் சொல்றவர்தானே," என்றேன்.

"இல்லை எண்டு போடு. ஓம் எண்டா மறுகா ஆயிரம் கேள்வி கேப்பாங்க."

பிறந்த ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்து நல்லது என்று எழுதித் தந்த கடதாசி எங்களிடம் இருந்தது. அதை நினைத்துக்கொண்டு 'இல்லை' என்று குறித்தேன்.

பிறகு பரிசோதனை. இருட்டான சிறு அறையில் அக்காவின் மடியில் பிள்ளை. முன்னால் திரையில் இரண்டு படங்கள்; ஒலிபெருக்கி ஒரு சொல்லைச் சொல்லும்; பிள்ளையின் கண் எந்தப் படத்துக்குப் போகிறது என்று கருவி பார்க்கும். தாய் தன்னையறியாமல் சாடை காட்டிவிடாதபடி, சொல் கேட்காமல் இருக்க, அக்காவின் காதுகளில் பெரிய ஹெட்போனை மாட்டி அதில் பாட்டு ஓடவிட்டார்கள். நான் பக்கத்து அறையில் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து என்றது குரல். ஒன்றும் அசையவில்லை. மறுபடி பந்து என்றது. தாயும் மகளும் ஒரே மாதிரி, எதுவும் கேட்காத முகத்தோடு, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஆராய்ச்சிப் பெண்ணின் பக்கம் திரும்பினேன்.

"களைத்திருப்பாள். சில பிள்ளைகள் இப்படித்தான்," என்றார் ஆராய்ச்சிப் பெண். அந்தப் பதிவைக் கணக்கில் எடுக்க மாட்டார்களாம். வீட்டுக்குப் போகும் வழியில் அத்தானிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று அக்கா கேட்டார். நானும் சொல்லவில்லை.

அது ஒக்டோபர். ஏப்ரலில் இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். போவதற்கு முதல் நாளே அக்கா கேட்டார்: "போன முறை எழுதினத போட்டோ எடுத்து வச்சிரிக்காயா?"

எடுத்து வைத்திருந்தேன். எங்களில் எல்லோரும் அப்படித்தான். அத்தானின் அகதிக் கோரிக்கை, முதல் பத்திரத்தில் ஒரு திகதியும் இரண்டாம் பத்திரத்தில் வேறொரு திகதியும் இருந்ததால் நிராகரிக்கப்படும் விளிம்புக்குப் போனது. அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரே சட்டம்தான்.

"முதல் சொன்னதும் இப்ப சொல்றதும் ஒண்டா இரிக்கோணும். குறையப்படாது."

போனில் இருந்த படத்தைப் பார்த்து, பழைய சொற்கள் எல்லாவற்றையும் குறித்தேன். ஆறு மாதம் வளர்ந்த பிள்ளை அல்லவா, புதிதாகச் சிலவற்றையும் சேர்த்தேன். பட்டியலைப் பார்த்த ஆராய்ச்சிப் பெண் சந்தோஷப்பட்டார். ஆனால் திரைக்கு முன்னால் பிள்ளையின் கண் இந்த முறையும் சொல்லுக்கு அசையவில்லை. அவர் பத்திரத்தையும் கணினியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வீட்டில் பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவாளா? அம்மாவிடம் கேளுங்கள்."

கேட்டேன்.

"ஓம் எண்டு சொல்லு," என்றார் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல்.

நான் பிரெஞ்சில் ஓம் என்றேன். மொழிபெயர்ப்பில் பிழையில்லை.

ஜூனில் கார்டெரி ஆசிரியை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை வருவதில்லை என்று எழுதி அனுப்பினார். மொழியியல் வகுப்பில் படித்ததை வைத்து நான் பிரெஞ்சில் ஒரு நீளக் கடிதம் எழுதினேன்: மூன்று மொழிக்காரப் பிள்ளைகளின் சொற்கள் மூன்றாகப் பிரிந்திருக்கும், ஒரு மொழியில் குறைவாகத் தெரிவது இயல்பு, பொறுத்திருங்கள். அவர் நன்றி என்று பதில் போட்டார். அதன் பிறகு அவரும் பொறுத்திருந்தார்.

ஓகஸ்டில், லாசால் பகுதியில் அக்கா இருக்கும் கட்டடத்தில் தீ மணியைச் சோதித்தார்கள். ஞாயிறு காலை, அத்தானும் வீட்டில். அறிவித்தல் லிப்டில் ஒட்டியிருந்தும் நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. கூரையிலிருந்து மணி அலறியதும் அக்கா கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்தினார். நானும் பொத்தினேன். பிள்ளை நிலத்தில் எங்களுக்கு முதுகு காட்டி இருந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். தோள்கூட நடுங்கவில்லை. கொஞ்சம் கழித்துத் திரும்பி எங்களைக் கண்டாள். நாங்கள் ஏதோ விளையாடுகிறோம் என்று நினைத்து, தன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிரெஞ்சு வகுப்பில் அக்கா சிரிப்பதும் இப்படித்தான் என்று அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் சிரித்தால் தானும் சிரிப்பாராம், ரீச்சர் தலையாட்டினால் தானும் ஆட்டுவாராம். ஒன்றும் விளங்காது என்று ஒருவருக்கும் தெரியாதாம்.

மணி நின்ற பிறகும் அத்தான் தன் காதுகளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நான் சொல்லக்குள்ள சிரிச்சீங்கதானே," என்றார். "ரெண்டு பேரும்."

நவம்பரில் காது மருத்துவரிடம் நாள் கிடைத்தது. பிறந்தபோது கேட்டிருக்கலாம், பிறகு மெல்ல மெல்லக் குறைந்திருக்கும், இப்போது இரண்டு காதிலும் மிகக் குறைவு என்றார் அவர். முதன்முதலில் எப்போது சந்தேகம் வந்தது என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். முன்பு எங்கே என்ன எழுதினோம் என்பதைத்தான் அந்தப் பார்வை கேட்டது. நான் அவரிடம் கேட்காமலே பதில் சொன்னேன்: போன வருடம் ஒக்டோபருக்கு முதல், அவளுடைய அப்பாவுக்கு. பத்திரத்தில் நான் 'இல்லை' என்று குறித்ததையும் சொன்னேன். மருத்துவர் எழுதிக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கேட்கும் கருவி பெப்ரவரியில் பொருத்தினார்கள். காசு எங்களிடம் வாங்கவில்லை, காப்புறுதி கட்டியது. பேச்சுப் பயிற்சியில் முதல் மாதம் அவளுக்கு ஒலி இருக்கும் பக்கம் திரும்பப் பழக்கினார்கள். அந்த வயதில் பேச்சுக் கேட்காமல் போன மாதங்களை முழுவதும் திருப்பித் தர முடியுமா என்று அத்தான் கேட்டார். முயற்சி செய்வோம் என்று மட்டும் பயிற்சியாளர் சொன்னதை, ஒரு சொல்லும் கூட்டாமல் தமிழில் சொன்னேன். வெளியே பஸ்ஸுக்கு நிற்கையில் அத்தான் கையுறையைக் கழற்றி, நாங்கள் 'இல்லை' என்று குறித்த ஒக்டோபரிலிருந்து கருவி பொருத்திய பெப்ரவரி வரை விரல் மடக்கி எண்ணினார்.

பதினாறு மாதம்.