ஷெர்பத்துக்கு ஒரு சேணம்

லோக்கல் ரயிலில், மூன்று பேர் சீட்டின் ஓரத்தில் நாலாவது ஆள் ஒட்டிக்கொள்ளும் ஃபோர்த் சீட்டில் சேணத்தை உட்கார வைத்துவிட்டு ரஞ்சனா மாமி பக்கத்தில் நின்றுகொண்டாள். மகாலக்ஷ்மியில் ஏறி மாதுங்கா ரோட்டில் இறங்கும் வரை எப்போதும் இப்படித்தான். பழைய போர்வையில் பொதிந்த அந்த மூட்டையைப் பார்த்து லேடீஸ் கம்பார்ட்மென்டில் யாராவது முகம் சுளித்தால், "கோடே கா ஹை, தீதி" என்பாள். குதிரையுடையது என்று தெரிந்த பிறகு யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. பாம்பேயில் இடம் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு, இடம் பிடித்தவர் யாரென்று விசாரிக்க நேரம் கிடையாது.

மாமிக்கு ஐம்பத்துநாலு வயது. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலை, வாட்டசாட்டமான உடம்பு. அந்த உடம்பில் கால் மட்டும் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. அவள் டிவி பார்த்தால் சோபா ஆடும், சாப்பிட உட்கார்ந்தால் ரசம் அலையடிக்கும். ஆபீஸ் தோழியோடு சவாரி கிளப்புக்கு வேடிக்கை பார்க்கப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா குதிரைமேல் ஏறிப் பார்த்தாள். கால் அடங்கிவிட்டது. மனசும் அடங்கியது. இறங்கும்போது ஏனோ அழுகை வந்தது. அன்றிலிருந்து அந்த அமைதிக்காகவே அங்கே ஓடுகிறாள்.

அவள் ஏறுகிற ஷெர்பத், ரேஸிலிருந்து ஓய்வு பெற்ற குதிரை. மாமியும், செம்பூரிலிருந்து வரும் சுஷ்மா என்ற குட்டையான ஒல்லிப் பெண்ணும் கூட்டாகப் பராமரிக்கிறார்கள். சேணத்தைக் கண்டால் போதும், ஷெர்பத் காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு கடிக்க வரும். பிறவிக் கோபக்காரன் என்று கிளப்பில் பட்டம் கட்டிவிட்டார்கள். மாமி மட்டும் அதன் முதுகிலிருந்த இரண்டு வெள்ளைத் திட்டுகளைத் தடவித் தடவிப் பார்த்தாள். சேணம் அழுத்தி அழுத்தி முடி வெளுத்த இடங்கள் அவை.

"கோபமாவது ஒண்ணாவது. அவனுக்கு வலிக்கறது. வாயத் தொறந்து சொல்லத் தெரியல, அதான் கடிக்க வரான்" என்றாள்.

அன்று பிடித்த அலைச்சல் இரண்டு வருஷமாக விடவில்லை. முதலில், பெற்ற மனம் பித்து என்கிற கதையாக, சேணத்துக்கு அடியில் கம்பளிமேல் கம்பளியாக அடுக்கினாள். இறுக்கமான ஷூவுக்குள் தடி சாக்ஸ் போட்ட மாதிரி அழுத்தம் கூடித்தான் போயிற்று. அது புரிந்த அன்று மாமி சாப்பிடவில்லை. அப்புறம் தடித்த கம்பியை ஷெர்பத்தின் முதுகில் வளைத்து, அந்த வளைவைச் சார்ட் பேப்பரில் வரைந்து, ஹாலில் ஒட்டினாள். சவாரி முடிந்ததும் வியர்வையை ஆராய்வாள். சேணம் சரியாகப் பொருந்தினால் முதுகு ஒரே சீராக நனைந்திருக்கும். அழுத்துகிற இடம் மட்டும் உலர்ந்து கிடக்கும். தோசையின் அடிப்பக்கத்தைப் பார்க்கிற அதே கண்ணால் பார்ப்பாள். ஏதாவது ஒரு மூலை உலர்ந்துதான் இருக்கும். உடனே சேணம் ரயிலேறி, தாராவியில் தோல் பை தைக்கும் சுயம்புவிடம் வந்துவிடும்.

சுயம்பு பிரித்து உள்ளே கம்பளியைத் திணிப்பார், அடுத்த வாரம் எடுப்பார். "ஒங்க குதிரைக்கு சொகம் வாரதுக்குள்ள எம் முதுவு போயிரும் போலுக்கே, மாமி" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டார். வீட்டுக்காரர் அனந்தகிருஷ்ணனுக்கு வேறு கணக்கு. பெண்ணுக்கு வரன் தேடினபோதுகூட இவள் இத்தனை அலையவில்லை என்று பில்டிங் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அது பொய்யுமில்லை.

கடைசியில் போன மாதம் உல்லாஸ்நகர் பழைய சாமான் கடை ஒன்றில் அது கிடைத்தது. சின்னச் சேணம், தோல் கறுத்தது. ஷெர்பத்துக்கு முதுகு குட்டை என்பதால், பெரிய சேணமெல்லாம் பின்னால் நீண்டு இடுப்பில் இடித்துக்கொண்டிருந்திருக்கிறது. குதிரைக்காரர் இஜாஸ் இதை வைத்து வாரை இழுத்தபோது ஷெர்பத் காதை மடிக்கவில்லை. கழுத்தைத் தாழ்த்தி, நிதானமாக எதையோ மென்றது. மாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவசரமாக ஏறினாள்.

இருக்கை அவளுக்குப் பற்றவில்லை. அவள் கனமெல்லாம் சேணத்தின் பின்விளிம்பில் போய் இறங்கியது. ஷெர்பத்தின் காதுகள் பின்னுக்குப் போயின. மாமி உடனே இறங்கிவிட்டாள்.

இஜாஸ் அவள் முகத்தைப் பார்க்காமல், இன்னும் கொஞ்சம் பெரிய சைஸ் தேடிப் பார்க்கலாம் மேடம் என்று ஹிந்தியில் முனகினார்.

"பெரிசு போட்டா மறுபடி இடுப்புல இடிக்கும். அவனுக்கு இது சரியா இருக்கு. எனக்குத்தான் இல்லை." மாமி திரும்பினாள். வேலியோரம் நின்ற சுஷ்மாவைப் பார்த்து, "நீ ஏறு" என்றாள்.

சுஷ்மா தயங்கினாள். ஆன்ட்டி, வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள். மாமி அவளை ஷெர்பத்தின் பக்கத்தில் இழுத்து நிறுத்தினாள். கால் வைத்து ஏறும் அங்கவடியின் வாரைச் சுஷ்மாவின் கையோடு வைத்து அளந்தாள். தன் உயரத்துக்கு மாட்டியிருந்த துளையிலிருந்து கொக்கியைக் கழற்றி, மூன்று துளை மேலே ஏற்றி மாட்டினாள். பிறகு குதிரையைச் சுற்றிக்கொண்டு போய், அந்தப் பக்கத்து வாரையும் அதே மூன்று துளை ஏற்றினாள்.