பெயின்டரின் பேச்சைக் கேட்ட வீடு

ஒரு சுவரைப் பார்த்த மாத்திரத்தில் அது எத்தனை லிட்டர் குடிக்கும் என்று சொல்லிவிடுவார் பெயின்டர். இருபத்தாறு வருடம் அந்த வேலை. உயரம் என்றால் அவருக்குப் பயமே கிடையாது. அதுதான் வினையாகிப் போனது. ஐம்பத்திரண்டாவது வயதில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வெளிச்சுவரில், கைக்கு எட்டாத ஒரு மூலையை எட்டப் போய்ச் சாரத்திலிருந்து விழுந்தார். கழுத்தில் அடி. உயிர் தங்கியது. ஆனால் மார்புக்குக் கீழே உடம்பு அவர் வசம் இல்லாமல் போயிற்று. கைகளைத் தூக்கலாம், முழங்கையை மடக்கலாம். விரல்கள் மட்டும் ஏனென்று கேட்காது.

இதெல்லாம் பார்ப்பவர்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றை ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் நாளில் டாக்டர் அவர் மனைவியிடம் சொன்னார்.

"இனிமே இவருக்கு உடம்பு வேர்க்காதும்மா. ரூம்ல சூடு ஏறினா உடம்பும் கூடவே ஏறும். குளிர்ந்தா கூடவே இறங்கும். ரூம் எப்பவும் இருபத்திமூணு, இருபத்தஞ்சு டிகிரிக்குள்ள இருக்கணும். இதையும் ஒரு மருந்தா நெனைச்சுக்குங்க."

மனைவி நகரப் பேருந்து ஓட்டுபவர். நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தார். ஒன்றரை வருடம் ஜன்னலைத் திறப்பதும் மூடுவதும், ஏசியைக் கூட்டுவதும் குறைப்பதும், கணவரின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுமாகவே போயிற்று. விடுப்பு முடியப்போகிறது என்று பணிமனையிலிருந்து கடிதம் வந்தபோது அதை மடித்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் செருகிவிட்டார். காலையில் வரும் உதவியாளர் அதைப் பார்த்துப் பெயின்டரிடம் சொல்லிவிட்டார்.

"லெட்டர் வந்துச்சாமே?"

"வந்துச்சு. நான் போகலை."

"போ. வேலைக்குப் போகாம நீ என் வீல்சேரைத்தான் பஸ் மாதிரி ஓட்டிகிட்டிருக்க. திருப்பத்துல ஹாரன் அடிக்கிறது ஒண்ணுதான் பாக்கி."

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதார். உதவியாளர் பன்னிரண்டரைக்குக் கிளம்பிவிடுவார். பேருந்து வேலை முடிந்து மனைவி திரும்ப நாலு மணி. நடுவில் மூன்றரை மணி நேரம் பெயின்டர் தனியாக இருக்க வேண்டும். கதவை யார் திறப்பது? ரூம் சூடானால் யார் பார்ப்பது?

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர்தான் ஒரு போன் நம்பர் கொடுத்தார். எலெக்ட்ரீஷியன், பெண். எந்நேரமும் தோள்பையில் துளைபோடும் மிஷின் இருப்பதால் கடைக்காரர்கள் எல்லோருக்கும் அவர் ட்ரில் அக்கா. வந்தவர் ரூமை அளக்கவில்லை, சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை. கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணா, காலைல கண்ணு முழிச்சதுலேருந்து ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு சொல்லுங்க. ஒண்ணு விடாம."

பெயின்டர் மனைவியைப் பார்த்தார். விபத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் மனைவியிடம்தான் அவரைப் பற்றிக் கேட்டார்கள், அவர் என்னவோ அங்கே இல்லாததுபோல. இந்தப் பெண் அவரிடமே கேட்டார். பெயின்டர் ஒரு மணி நேரம் பேசினார். ட்ரில் அக்கா ஓர் அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே இருந்தார். அந்த ஒரு மணி நேரத்துக்கு நன்றி சொல்ல இன்றுவரை தனக்கு வார்த்தை கிடைக்கவில்லை என்பார் பெயின்டர்.

வேலை மூன்று நாள் பிடித்தது. வாசல் கதவுக்குச் சாவியில்லாத பூட்டு. திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று சொல்லக் கதவு நிலையிலும் ஜன்னலிலும் கட்டைவிரல் அளவு சென்சார். வாசலுக்கு மேலே, பேசவும் கேட்கவும் முடிகிற ஒரு கேமரா. ரூம் சுவரில், சூட்டையும் குளிரையும் அளந்து ஏசியைத் தானே நடத்தும் தெர்மோஸ்டாட். தலைமாட்டில், சொன்னதைக் கேட்டுச் செய்யும் ஒரு ஸ்பீக்கர்.

"எல்லாம் வந்தாச்சு. ஆனா ஒண்ணோட ஒண்ணு பேசாது" என்றார் ட்ரில் அக்கா, போனில் எதையோ தட்டிக்கொண்டே. "ஒரே வீட்டுல நாலு மருமகளுங்க மாதிரி. பூட்டுக்குத் தெரிஞ்சது ஏசிக்குத் தெரியாது. கேமரா பாத்ததைப் பூட்டுகிட்ட சொல்லாது. இந்த ஸ்பீக்கர்தான் மாமியார். நாலு பேரையும் இது கைக்குள்ள கொண்டு வரணும்."

மாமியார் படிந்து வரவே ஒரு வாரம் ஆனது. பெயின்டர் பேசுகிற பேச்சு அதற்குப் பிடிபடவில்லை. "கதவத் தொற" என்றால், "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்றது. "ரூம கொஞ்சம் கூலா வை" என்றால் ஏதோ ஒரு பாட்டைப் போட்டது. கடைசியில் செய்தி வாசிப்பவர் மாதிரி, நிறுத்தி நிதானமாக, "கதவைத் திறக்கவும். அறையின் வெப்பத்தை இருபத்து நான்காக வைக்கவும்" என்று சொல்லிப் பழகிக்கொண்டார்.

மனைவி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "கல்யாணமாகி இருபத்தி மூணு வருஷம். என்கிட்ட ஒரு நாளாவது இவ்வளவு மரியாதையா பேசியிருக்கீங்களா?"

"நீ மரியாதை இல்லாமலே செஞ்சுடுற. இது செய்ய மாட்டேங்குது."

"நான் தனியாக இருக்கிறேன்" என்று பெயின்டர் சொன்னால் போதும் என்று ட்ரில் அக்கா அமைத்துக் கொடுத்தார். பூட்டு பூட்டிக்கொள்ளும், கேமரா விழித்துக்கொள்ளும், ரூம் இருபத்து நான்கில் நிற்கும். யாராவது கதவையோ ஜன்னலையோ திறந்தால் சைரன் அலறும்.

அந்தச் சைரனால்தான் வம்பு வந்தது. மனைவி வேலைக்குப் போன முதல் வாரம், உடற்பயிற்சி கொடுக்க வந்தவர் காற்றுக்காக ஜன்னலைத் திறந்தார். தெருவே கேட்கிற மாதிரி அலறல். மாடி வீட்டிலிருந்து ரொட்டிக்காரர் இறங்கி வந்தார். பேக்கரியில் அடுப்படி வேலை அவருக்கு. ஊர் எழுவதற்கு முன்பே போய், முற்பகலில் திரும்பி, மதியம் முழுக்கத் தூங்குகிறவர். காதோர முடியில் மாவு அப்படியே இருந்தது.

"பெயின்டரே, நான் தூங்குறதே இந்த நாலு மணி நேரம்தான். உங்க வீட்டுல திருட என்ன இருக்குன்னு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

பெயின்டருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. ட்ரில் அக்கா மறுநாளே வந்து சைரனை எடுத்துவிட்டு, பெயின்டர் சொன்னால் போன் போகிற மாதிரி மாற்றினார். முதலில் மனைவிக்கு, பிறகு தனக்கு. மூன்றாவதாக ஒருவர் வேண்டும், அதுவும் பக்கத்தில் இருப்பவராக. படியேறிப் போய் ரொட்டிக்காரரின் நம்பரைக் கேட்டார்.

"எழுதிக்குங்க. ஆனா தூங்கும்போது அடிச்சா எடுக்க மாட்டேன்" என்றார் ரொட்டிக்காரர்.

அதோடு தானாகவே இன்னொன்றையும் சேர்த்தார் ட்ரில் அக்கா. பெயின்டர் தனியாக இருக்கும்போது ரூம் முப்பது டிகிரியைத் தாண்டினால், அவர் சொல்லும்வரை வீடு காத்திருக்கக் கூடாது. தானே மூன்று பேரையும் மாறி மாறி அழைக்க வேண்டும், வாசல் கேமராவும் தெருவைப் பார்த்து உதவி கேட்க வேண்டும். பெயின்டர் சிரித்தார். "ஏசி இருக்கும்போது முப்பது எப்படித் தாண்டும் தங்கச்சி?" "தாண்டாது அண்ணா. சும்மா இருந்துட்டுப் போகட்டும்."

ஏழு மாதம் ஒரு குறையும் இல்லை. பெயின்டர் குரலாலேயே வீட்டை நடத்தினார். கூரியர்காரரிடம் படுக்கையிலிருந்தே பேசினார். பயிற்சிக்கு வருபவருக்குக் கதவைத் திறந்துவிட்டார். மனைவி பேருந்து ஓட்டிவிட்டு, முகத்தில் பழைய களையோடு வீடு திரும்பினார்.

பிறகு கோடையில், அனல் காற்று அடித்த ஒரு நாள். உதவியாளர் பன்னிரண்டரைக்குக் கிளம்பினார். கதவைச் சாத்திவிட்டுத்தான் போனார், ஆனால் அது சரியாகப் பொருந்தாததால் பூட்டு விழவில்லை. காற்று அதைத் தள்ளி ஒரு சாண் திறந்துவிட்டது. சிறிது நேரத்தில் ஏசியின் உறுமல் நின்றதைப் பெயின்டர் கவனித்தார்.

"ஏசியை இயக்கவும்."

"வாசல் கதவு திறந்திருக்கிறது. கதவை மூடிய பின் ஏசி இயங்கும்" என்றது ஸ்பீக்கர்.

கதவு திறந்து கிடந்தால் குளிர் வீணாகாமல் ஏசியை நிறுத்திவிடுவது அந்தத் தெர்மோஸ்டாட்டின் கூடப் பிறந்த குணம். சென்சாரையும் அதையும் பேசவைத்தபோது அந்தக் குணமும் கூடவே வந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. மூடிய கதவைப் பூட்டத் தெரிந்த வீட்டுக்குத் திறந்த கதவை இழுத்துச் சாத்தக் கை இல்லை. பெயின்டருக்கும் இல்லை.

மனைவியை அழைக்கச் சொன்னார். ஓட்டும்போது போன் பைக்குள் இருக்க வேண்டும் என்பது பணிமனையின் விதி. மணி அடித்து ஓய்ந்தது. ட்ரில் அக்காவும் எடுக்கவில்லை, எங்கோ ஏணி மேல் இருந்தார். ரொட்டிக்காரரை அழைக்கச் சொல்லப் பெயின்டருக்கு மனம் வரவில்லை. அந்த மனிதர் தூங்குகிற நேரம். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று இருந்தார்.

இருபத்தெட்டு. இருபத்தொன்பது. தலை கனத்தது. நாக்கு தடித்தது. சரி, கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தபோது வார்த்தை குழறி வந்தது.

"மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை."

இன்னொரு முறை சொன்னார். அதே பதில். சுவரில் எண் முப்பதைத் தாண்டியது. அப்போது ஸ்பீக்கர், யாரும் கேட்காமலே, "உதவிக்கு அழைக்கிறேன்" என்றது. கூடவே வெளியே, வாசல் கேமராவிலிருந்து, ட்ரில் அக்கா என்றோ தன் குரலில் பதிவு செய்து வைத்திருந்தது கேட்டது. "உள்ளே ஒருத்தர் ஆபத்துல இருக்காரு. தயவுசெஞ்சு உள்ளே வாங்க."

எடுக்க மாட்டேன் என்று சொன்ன ரொட்டிக்காரர் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடி வந்தார். வரும்போதே கதவைப் பின்னால் இழுத்துச் சாத்தினார். ஏசி உறுமிக்கொண்டு எழுந்தது. அவருக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அடுப்படியில் சூடு தாங்காமல் சுருண்டு விழுந்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, பெயின்டரின் சட்டையைக் கழற்றி, துண்டுகளை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தார். அட்டை ஒன்றை எடுத்து விசிறிக்கொண்டே, "பெயின்டரே, என்னைப் பாருங்க. கண்ணை மூடக் கூடாது. என்னைத் திட்டணும்னா திட்டுங்க, ஆனா பேசிகிட்டே இருங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் கதையே வேறு என்றார் டாக்டர். மனைவி ரொட்டிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா" என்றார். "தூக்கம் கெட்டுப்போச்சு, அவ்வளவுதான்" என்றார் அவர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

ட்ரில் அக்கா மறுநாள் வந்தார். பையைக்கூட இறக்காமல் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் பாக்காம விட்டுட்டேன் அண்ணா. கதவு திறந்தா ஏசி நிக்கும்னு எனக்குத் தோணவே இல்லை. இந்த வேலைக்கே நான் லாயக்கில்லை."

"தோணாததும் நீங்கதான். முப்பதைத் தாண்டினா கூப்பிடணும்னு தோணினதும் நீங்கதான். அது இல்லேன்னா இப்போ யார்கிட்ட பேசிகிட்டிருப்பீங்க?"

ட்ரில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றே ஏசியைக் கதவின் பேச்சைக் கேட்காதபடி மாற்றினார். கதவைத் தானாக இழுத்துச் சாத்தும் ஒரு ஸ்பிரிங் கையை நிலையின் மேற்பக்கத்தில் மாட்டினார். பெயின்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்.

"தங்கச்சி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? நீங்க நின்னுகிட்டே யோசிக்கிறீங்க. கதவு திறந்திருந்தா எழுந்து போய் மூடலாம்னு உங்க மண்டைக்குள்ள எங்கேயோ இருக்கு. என் மாதிரி ஆளுக்கு மாட்டுறதை, மாட்டுறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு தடவை சொல்லுங்க. படுத்துகிட்டே யோசிச்சு சொல்றேன்."

ட்ரில் அக்கா கையில் ஸ்க்ரூ டிரைவரோடு திரும்பிப் பார்த்தார். அடுத்த வாரமே போன் செய்தார். பக்கவாதம் வந்த ஒரு தையல்காரர் வீடு. பெயின்டர் கேள்வி கேட்டார். கரண்ட் போனால் பூட்டு திறந்து நிற்குமா, பூட்டி நிற்குமா? தொண்டை கட்டினால் ஸ்பீக்கர் என்ன செய்யும்? கூப்பிடுகிற மூன்று பேரும் ஒரே நேரத்தில் வேலையில் இருந்தால்? ட்ரில் அக்காவிடம் இரண்டு கேள்விக்குப் பதில் இல்லை. பதில் கிடைத்த பிறகுதான் அந்த வீட்டில் முதல் துளை போட்டார்.

இன்றைக்கு அப்படிப் பதினோரு வீடுகள். ரொட்டிக்காரர் தன் போனின் மணியை உச்சத்தில் வைத்துவிட்டுத்தான் படுக்கிறார். பெயின்டர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை. மனைவி ஓட்டும் நாலாம் எண் பேருந்துத் தடம் அவருக்கே நிரந்தரமாகிவிட்டது.

போன மாதம் பெயின்டரே முதல்முறையாக ஒரு வீட்டுக்கு நேரில் போனார். மனைவி வண்டியில் ஏற்றி, ட்ரில் அக்கா வீல்சேரை இறக்கி, இருவருமாகத் தூக்கிப் படியேற்றி உள்ளே கொண்டுபோனார்கள். அந்த வீட்டில் ஒரு நீச்சல் பயிற்சியாளர், முப்பத்தைந்து வயதுப் பெண், அவரைப் போலவே கழுத்தில் அடிபட்டவர். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வந்தவர்கள் அவருடைய அம்மாவிடம் பேசப்போகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பவில்லை.

பெயின்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் வீல்சேரை நிறுத்தச் சொன்னார்.

"ஏம்மா, வீட்டுல யாரும் இல்லாதப்போ உனக்கு எதுக்கு அதிகமா பயம்?"

ட்ரில் அக்கா அட்டையும் பேனாவுமாகக் காத்திருந்தார். பிறகு அந்தப் பெண் முகத்தைத் திருப்பினார்.

"போர்வை முகத்து மேல விழுந்துட்டா" என்றார். "குரல் வெளிய கேக்காதேன்னு."

"எழுதிக்குங்க" என்றார் பெயின்டர். "இது எனக்கே தோணலை."