உரசுது என்று கத்தினேன்

திருப்பதியில் ஸ்பீக்கர் ரிப்பேர் செய்கிற அவருக்கு என் வயசிருக்கும். விரலெல்லாம் பசை காய்ந்துபோன ஆள். என் மகன் சர்ச்சில் பேஸ் கிட்டார் வாசிக்கிறான். அவனுடைய ஸ்பீக்கர் கரகரத்ததால் எடுத்துக்கொண்டு போனேன்.

கிழிந்த ஓரத்தை உரித்துவிட்டு, புது ரப்பர் வைத்து ஒட்டினார். பசை காய்வதற்குள் நடுவிலிருக்கிற அட்டையை நேராக நிறுத்த வேண்டுமாம்; கோணினால் உள்ளே காந்தத்தில் உரசிச் சத்தம் வருமாம். இரண்டு கட்டைவிரலால் அதை மெல்ல அமுக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"உள்ள உரசுதாம்மா?"

"உரசுதுண்ணா."

"என்னா?"

எனக்கு நாலு பேர் எதிரே சத்தமாகப் பேச வராது. திரும்பவும் முனகினேன்.

அவர் கிட்டே குனிந்தார். "கத்தும்மா. இதுங்க பக்கத்துலயே இருந்துகினு என் காது போயிடுச்சு. பசை காஞ்சா உன் பையன் ஸ்பீக்கர் வீண்."

சர்ச்சில் பாட்டுக்குக்கூட வாய் திறக்காதவள், ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "உரசுது!" கொஞ்சம் நகர்த்தினார். "இன்னும் உரசுது!" மறுபடி நகர்த்தினார். "இப்ப இல்லண்ணா!"

சிரித்தார். "காது விஷயம் யாராண்டயும் சொல்லாதம்மா. தெரிஞ்சா ஒருத்தனும் வரமாட்டான்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஸ்பீக்கர் சுத்தமாக ஒலிக்கிறது. கடையில் வேறு ஆளில்லாத நேரத்தில், பசை காய்வதற்குள், அவர் யார் முகத்தைப் பார்ப்பாரோ.