விசில் இல்லாத குக்கர்

நான் பத்தாவதோடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. என் பெண்கள் இருவரும், "அந்தக் குக்கர் கதைய எழுதுப்பா, எங்க கிளாஸ் பசங்களும் படிக்கட்டும்" என்று விடாமல் கேட்டதால் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், பிள்ளைகளா.

எங்கள் வீடு நந்திதுர்க் பக்கம், தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. ஒரே சுவர், இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் ஒரு அக்கா. நாங்கள் இங்கே தும்மினால் அவர் அங்கிருந்து "மழையில நனஞ்சியா?" என்று கேட்பார். நான் இங்கேயே ஒரு பட்டறையில் வெல்டிங் செய்கிறேன். என் மனைவி, ஊரில் பாதிப் பேரைப் போல, விடிவதற்கு முன்னால் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்தும் வேலை.

அந்த வேலை அவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை ஒரு பெரியவர் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எதிர்க்கடைப் பலகையில் இருந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சத்தமாகப் படித்தாராம். அதை எங்களுக்கு நடித்தே காட்டினார். ஆனால் வீடு திரும்ப இரவு எட்டே முக்கால் ஆகிவிடும். செருப்பைக் கழற்றியதும் அடுப்படிக்குப் போவார். சாப்பாடு தயாராவதற்குள் சின்னவள் சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போவாள். பெரியவளுக்கு அது பரீட்சை வருடம். அவளை அடுப்புப் பக்கம் விடக்கூடாது என்பது அவர் கண்டிப்பு. எனக்கோ டீ மட்டும்தான் போடத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே சொன்னார்:

"இந்த மாசம் சீசன் டிக்கெட் முடியுது இல்ல, அதோட நின்னுடறேங்க."

"இன்னாத்துக்கு?"

"இன்னாத்துக்குன்னா? பொண்ணுங்க பாதி நாள் பன்னு துன்னுட்டு படுக்குதுங்க. நான் அங்க ஊருக்கெல்லாம் கண்ணு தெரிய வெக்கறேன், என் வீட்டை நானே பாக்கறதில்ல."

மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தார். வேலையை விட அவருக்கு மனமில்லை என்று அதிலேயே தெரிந்தது.

அந்த வாரம்தான் அந்தக் குக்கர் வந்தது. அவரோடு வேலை செய்த ஒரு அம்மா வேறு நாட்டுக்குக் குடிபோகிறார், போகும்போது கொடுத்துவிட்டார். ஸ்லோ குக்கர், கரண்டில் மெதுவாக வேகவைப்பது. உள்ளே கனமான பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி, முன்னால் ஒரு திருகு. காலையில் கறியைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனால் சாயங்காலம் தானாக வெந்திருக்குமாம். மாட்டுக்கறியும் நூடுல்ஸும் அதற்கென்றே பிறந்த ஜோடியாம்.

பக்கத்து வீட்டு அக்கா வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "விசிலே இல்லாத குக்கர் இன்னா குக்கரு? வெந்துச்சான்னு யாரு சொல்லுவா?"

எனக்கு அதைப் பார்த்ததும் ஒரு நம்பிக்கை. சீசன் டிக்கெட் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. அதற்குள் அவர் வரும் நேரத்துக்குச் சூடான சாப்பாடு தயாராக இருப்பதை ஒருமுறையாவது காட்டிவிட வேண்டும்.

இரண்டாம் சனிக்கிழமை எனக்கும் பெண்களுக்கும் விடுமுறை. அவருக்கு வேலை உண்டு. ஒரு கிலோ மாட்டுக்கறி வாங்கினேன். கடைக்காரர், "கால் பக்கத்து கறி எடு, ஜவ்வு இருக்கும், ஆனா வெந்தா பஞ்சு" என்றார். பேத்தமங்களாவிலிருந்து வரும் தக்காளி, வெங்காயம், கேரட், இஞ்சி, பூண்டு, மிளகு எல்லாம் போட்டு, பன்னிரண்டு மணிக்குத் திருகைத் திருப்பி ஆன் செய்தோம்.

அங்கேதான் எங்கள் ஊர்ப் புத்தி வேலை செய்தது. சுரங்கம் மூடி எத்தனையோ வருடம் ஆகியும் எங்கள் வீடுகளில் எல்லாமே ஷிஃப்ட்தான். அடுத்த ஆள் வந்து, நிலவரம் கேட்டு, "நான் பாத்துக்கறேன்" என்று சொல்கிறவரை இந்த ஆள் இடத்தை விடக்கூடாது. அதன்படி மூன்று ஷிஃப்ட் போட்டேன். முதலாவது நான், இரண்டாவது பெரியவள், மூன்றாவது சின்னவள். பெரியவள் பழைய நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தாள். கால் மணிக்கு ஒருமுறை மூடியைத் திறந்து, கரண்டியால் அமுக்கிப் பார்த்து எழுத வேண்டும்.

"ரெண்டு மணி. கறி கெட்டி."

"மூணேகால். கறி கெட்டி. வாசனை நல்லா கீது."

"நாலரை. பக்கத்து வீட்டு அத்தை வந்து கிளறினாங்க. கறி கெட்டி."

சின்னவள் தன் ஷிஃப்டில், தண்ணீர் குறைந்தாற்போல் இருக்கிறது என்று ஒரு சொம்பு பச்சைத்தண்ணீர் வேறு ஊற்றினாள். அதையும் ஒளிக்காமல் எழுதி வைத்தாள்.

எட்டே முக்காலுக்கு அவர் வந்தார். தட்டு போட்டு, தண்ணீர் வைத்து, நாங்கள் மூன்று பேரும் வரிசையாக நின்றோம். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். பெரியவள் என்னைப் பார்த்தாள். நான் சட்டியைப் பார்த்தேன்.

"நல்லாத்தான் கீது" என்றார் கடைசியில். "பல்லுதான் கொஞ்சம் பத்தல."

பிறகு எழுந்துபோய் நான்கு முட்டை உடைத்து ஊற்றினார். எங்களுக்கு வலிக்கக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னார். ஆனால் அவர் தோசைக்கல்லை எடுத்த விதத்தில், வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டார் என எனக்குத் தெரிந்தது.

மறுநாள் பெரியவள் அம்மாவின் போனை வாங்கி, குக்கர் கொடுத்த அம்மாவுக்கே பேசினாள். நோட்டில் எழுதியிருந்ததை முழுதும் படித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. பிறகு கேள்வி.

"எத்தனை தடவைம்மா திறந்தீங்க?"

"முப்பத்தஞ்சு, ஆன்ட்டி. அத்தை திறந்ததைச் சேர்க்கல."

"ஒரு தடவை திறந்தாலே உள்ள இருக்கிற சூடெல்லாம் போயிடும். மறுபடி ஏற அரை மணி ஆகும். நீங்க அதை வேகவே விடலையே."

போனை வைத்ததும் சின்னவளுக்கு அழுகை. "எல்லாம் என் தண்ணியாலதான்" என்றாள். "இல்ல, எல்லாம் என் ஷிஃப்டாலதான்" என்றேன். அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று நினைத்து நாங்களே அதைக் கெடுத்திருக்கிறோம்.

"அப்ப யாரும் தொடாம எப்பிடி இருக்கறது?" என்றாள் பெரியவள். யோசித்துவிட்டு அவளே சொன்னாள்: "தாத்தா சொல்லுவாரே, கேஜ் ஓடும்போது கேட்டை எவனும் திறக்கக்கூடாதுன்னு. அந்த மாதிரி வெச்சிக்கலாம்."

என் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கேஜ் என்றால் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டு. அது வந்து நின்று மணி அடிக்கிறவரை மேலே வாசல் கேட்டைத் தொட யாருக்கும் உரிமை கிடையாது, மேஸ்திரியாக இருந்தாலும்.

சீசன் டிக்கெட் முடிய இரண்டு நாள் இருந்தது. வியாழக்கிழமை அவர் ரயிலுக்குக் கிளம்பிய பிறகு நாங்கள் எழுந்து எல்லாவற்றையும் போட்டோம். சின்னவள் ஒரு தாளில் சிவப்புப் பேனாவால் எழுதி மூடியில் ஒட்டினாள்: "கேஜ் ஓடுது. கேட்டைத் திறக்காதே." ஏழரைக்குத் திருகை 'லோ'வில் வைத்துவிட்டு வீட்டைப் பூட்டினோம்.

பட்டறையில் அன்று எனக்கு இரண்டு இடத்தில் வெல்டிங் கோணலாகப் போனது. கரண்ட் போயிருக்குமோ, தண்ணீர் வற்றியிருக்குமோ என்று ஒரே யோசனை. மதியம் பக்கத்து வீட்டு அக்காவுக்கு போன் செய்தேன்.

"அக்கா, வீட்ல கரண்ட் கீதா?"

"கீது. உன் வீட்டு ஜன்னல் வழியா வாசனையும் வருது. சாவி குடுத்துட்டு போயிருந்தா பாத்து சொல்லியிருப்பேன்."

"அதுக்குத்தாங்க்கா குடுக்கல."

ஐந்தரைக்கு வீட்டுக்குப் போனபோது பெண்கள் இருவரும் சட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஒரு மணி நேரம் ஆகிறது, தொடவில்லை. கண்ணாடி மூடியில் ஆவி படிந்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை. எனக்கும் கை பரபரத்தது. திருகை மட்டும் சூடு காக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டு நகர்ந்தேன். எட்டரைக்கு நூடுல்ஸை வேகவைத்து வடித்தேன். அதுவரை நான் அடுப்பில் செய்த பெரிய சமையல் அதுதான்.

எட்டே முக்காலுக்கு அவர் வந்தார். ஒட்டியிருந்த தாளைப் படித்தார். "யாரு திறக்கணும்?"

"நீதாம்மா" என்றாள் சின்னவள். எவர்சில்வர் தட்டில் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள். மணி அடித்தாயிற்று.

அவர் மூடியை எடுத்தார். கரண்டியின் முனை பட்டதும் கறி நார்நாராகப் பிரிந்தது. அதைக் குழம்போடு நூடுல்ஸ் மேல் ஊற்றி முதலில் சின்னவளுக்குக் கொடுத்தார். அவள் முழு விழிப்போடு இருந்தாள். பிறகு எல்லோரும் ஒன்றாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வேலை நாளில் நாங்கள் நான்கு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டு அப்போது ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு கிண்ணம் போனது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது:

"விசில் இல்லன்னாலும் பரவால்ல."

என் மனைவி இரண்டாவது முறை போட்டுக்கொண்டார். உப்பு கொஞ்சம் குறைவு என்றார், குறைவுதான். கையைக் கழுவிவிட்டுப் பையைத் திறந்து, பணத்தை எண்ணி எடுத்து, சீசன் டிக்கெட் நம்பரை எழுதிய தாளோடு என் சட்டைப் பையில் வைத்தார்.

"நாளைக்கு பட்டறையில இருந்து வரும்போது அப்பிடியே ஸ்டேஷனுக்கு போயி சீசன் டிக்கெட்டைப் புதுப்பிச்சிகினு வாங்க" என்றார். "ஒரு மாசத்துக்கு இல்ல. மூணு மாசத்துக்கு."