அமெரிக்க அரசை அக்கா படித்த ஆண்டு

அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது என் அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவளும் அத்தானும் பஃபலோவில் இருக்கிறார்கள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகள் தோய்க்கும் பகுதியில் அவளுக்கு வேலை. நான் எல்லைக்கு இந்தப் பக்கம், கனடாவின் ரொறன்ரோவில், தெருவில் தண்டவாளத்தில் போகும் ஸ்ரீட்கார் ஓட்டுகிறேன். காரில் இரண்டு மணித்தியாலத் தூரம்தான். வேலை இல்லாத சனிக்கிழமைகளில் பஸ் எடுத்து, சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியிலிருக்கும் என் வீட்டுக்கு வருவாள். தோடம்பழம், மீன் கட்லட்டோடு அந்த ஆண்டு கையில் ஒரு சிறு புத்தகமும் வந்தது. அமெரிக்க அரசு எப்படி நடக்கிறது என்று குடிவரவு அதிகாரி கேட்கக்கூடிய கேள்விகள் அதில் இருந்தன. நேர்முகத்தில் ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும்.

அக்கா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சண்டையில் இடம்பெயர்ந்த வீட்டில் ஒருத்திதான் படிக்க முடியும் என்று வந்தபோது, என்னைப் போகச் சொல்லிவிட்டு அவள் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். ஆகவே அவளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு வாய்த்ததில் ஒரு சந்தோஷம் இருந்தது. பாட்டுப் போலப் பாடமாக்கினால் போதும் என்று நினைத்தேன். அவள் விடவில்லை.

"அரசாங்கத்தை மூண்டாப் பிரிச்சு வைச்சிருக்கினம். ஏன், ஒண்டு காணாதோ?"

சட்டம் செய்வது காங்கிரஸ், அதில் கீழ்ச்சபை, செனட் என்று இரண்டு சபைகள். அதை நடத்துவது ஜனாதிபதியும் அவருக்குக் கீழுள்ள திணைக்களங்களும். சட்டத்துக்கு என்ன பொருள் என்று சொல்வது நீதிமன்றங்கள் என்றேன். ஜனாதிபதி காங்கிரசில் எந்தக் கதிரையில் இருப்பார் என்று கேட்டாள். அவருக்கு அங்கே கதிரையே இல்லை என்றதும் கட்லட்டைக் கீழே வைத்துவிட்டாள். அப்படியென்றால் உங்கள் பிரதமர் எங்கே இருக்கிறார் என்று என் பக்கம் திரும்பினாள். எங்கள் பிரதமர் பாராளுமன்றத்துக்குள்தான் இருக்கிறார் என்றேன். அப்போது சட்டம் போடுவதும் நடத்துவதும் ஒரே ஆட்களா என்றாள். இருபது வருடங்களுக்கு முன் கனடாவின் குடியுரிமைச் சோதனையில் நல்ல புள்ளியோடு தேறியவள் நான். அன்று போனை எடுத்துத் தேடிப் பார்த்துத்தான் பதில் சொன்னேன்.

இன்னொரு சனிக்கிழமை நீதிபதிகளுக்கு வந்தோம். உச்ச நீதிமன்றத்துக்கு ஜனாதிபதி ஒருவரின் பெயரைச் சொல்வார், செனட் சபை சம்மதித்தால்தான் அவர் நீதிபதியாக முடியும் என்று விளக்கினேன்.

"பிறகு அந்த நீதிபதி ஜனாதிபதிக்கு மாறாத் தீர்ப்புச் சொன்னா, ஆளைத் தூக்கிப்போடேலாதோ?"

"ஏலாது அக்கா. பெரிய குற்றம் செய்தா காங்கிரஸ் விசாரிச்சு எடுக்கலாம். ஜனாதிபதியாலை ஏலாது."

ஊரில் ஒரு சுற்றிவளைப்பில் இராணுவம் அத்தானைக் கொண்டுபோனபோது பதினொரு நாள் முகாம் வாசலில் இருந்தவள் அக்கா. பிடித்தவனிடமே போய் ஏன் பிடித்தாய் என்று கேட்க வேண்டியிருந்தது. வேறு யாரிடம் கேட்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பன்னிரண்டாம் நாள் விட்டார்கள். பிடித்ததற்கும் காரணம் சொல்லவில்லை, விட்டதற்கும் சொல்லவில்லை. அன்று என் வீட்டில் அக்கா புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

நேர்முகத்தில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவள் சரியாகச் சொன்னாள். ஓர் அரசுக் கிளை மற்றவற்றை மிஞ்சாமல் எது தடுக்கிறது என்று அதிகாரி கேட்டாராம். புத்தகத்திலுள்ள பதிலைச் சொல்லிவிட்டு, ஜனாதிபதி ஒரு சட்டத்தை மறுத்தாலும் இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு பேர் சேர்ந்தால் அதை நிறைவேற்றலாம் என்று கேட்காததையும் சொல்லியிருக்கிறாள். போனில் இதைச் சொல்லும்போது அவள் சிரித்த சிரிப்பு எனக்குப் புதிது.

ஆனால் முடிவு வரவில்லை. கோப்பு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு கடிதம் வந்தது. பிறகு பனி வந்தது, பனி கரைந்தது. அவளோடு நேர்முகத்துக்குப் போன ஒரு பெண் சத்தியப் பிரமாணமே எடுத்துவிட்டாள். அத்தான் பேசாமல் இரு என்றார். அரசாங்கத்தோடு கொழுவினால் இருப்பதும் போய்விடும் என்று அவருக்குப் பயம். அவர் அப்படிப் பயந்ததில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் பொறுத்திருக்கத்தான் சொன்னேன்.

ஒரு காலை, வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது.

"குடிவரவு ஒஃபிஸ் ஜனாதிபதியின்ரை பக்கம்தானே?"

"ஓம்."

"அப்ப சட்டம் போடுற பக்கத்திலை எங்கட இடத்துக்கெண்டு ஒரு பிரதிநிதி இருக்கிறா எல்லோ. அவவின்ரை ஒஃபிஸாலை கேக்கலாம். நான் இண்டைக்குப் போறன்."

அக்காவுக்கு வாக்கு இல்லையே, எப்படிக் கேட்பார்கள் என்றேன். அந்தத் தொகுதியில் இருக்கிற ஆள்தானே நான், வரியும் கட்டுகிறேன் என்றாள். அவள் சொன்னது சரி. இப்படியான விசாரிப்புகளுக்கென்றே அந்த அலுவலகங்களில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன்.

தனியாகப் பஸ்ஸில் போனாள். அங்கிருந்த ஓர் இளம் பெண் அவளை இருத்தி, அவளுடைய கோப்பைப் பற்றி விசாரிக்கச் சம்மதம் என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினாள். சில கிழமைகளில் பதில் வந்தது. பழைய பத்திரம் ஒன்றில் அப்பாவின் பெயர் அவள் பெயருக்கு முன்னும், இன்னொன்றில் பின்னும் இருந்ததால் இரண்டு ஆட்களைப் போலத் தெரிந்திருக்கிறது. பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினாள். அடுத்த கடிதத்தில் சத்தியப் பிரமாணத்துக்கான நாள் இருந்தது.

அந்த நாளுக்கு நான் லீவு எடுத்துக்கொண்டு விடியற்காலை வெளிக்கிட்டேன். ஏன் போகிறாய் என்று எல்லைப் பாலத்தில் அதிகாரி கேட்டார். அக்கா இன்றைக்கு உங்கள் நாட்டுக் குடிமகள் ஆகிறாள் என்றேன். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. வாழ்த்துச் சொல்லுங்கோ என்று பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்தார்.

சத்தியப் பிரமாணம் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடந்தது. கறுப்பு அங்கியில் ஒரு பெண் நீதிபதி வந்தார். அத்தான் என்னருகில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். எல்லோரும் எழுந்து வலக்கையை உயர்த்திச் சொல்லி முடித்தபின், யாராவது பேச விரும்புகிறீர்களா என்று நீதிபதி கேட்டார். அக்கா எழுந்தாள். அவள் எழுவாள் என்று நான் நினைத்திருக்கவில்லை.

நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் பேசினாள். தன் கோப்பு நின்றுபோனது என்றும், தனக்கு வாக்கு இல்லாதபோதும் தனக்காகக் கேட்க ஓர் அலுவலகம் இருந்தது என்றும் சொன்னாள். கேட்டதற்காக ஒருவரும் தன்மேல் கோபிக்கவில்லை என்பதுதான் தனக்குப் பெரிய விஷயம் என்று முடித்தாள். நீதிபதி நன்றி சொன்னார். நான் முகத்தைத் துடைக்கக்கூட மறந்துபோனேன். அத்தான் என் காதருகில், "உவள் எப்ப உப்பிடிக் கதைக்கப் பழகினவள்?" என்றார். அந்தக் கேள்வியில் இருந்த பெருமையை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

வெளியே மேசை போட்டு வாக்காளர் பதிவு நடந்துகொண்டிருந்தது. அக்கா பேனையை வாங்கி, அவசரப்படாமல், தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக நிரப்பினாள்.

இப்போது அவள் சனிக்கிழமைகளில் முன்போல வருவதில்லை. அவளோடு விரிப்புத் தோய்க்கும் மூன்று பர்மியப் பெண்கள் குடியுரிமைச் சோதனைக்கு அவளிடம் படிக்கிறார்கள். போன கிழமை போன் எடுத்து, கீழ்ச்சபைக்கும் செனட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்லலாம் என்று கேட்டாள். நான் யோசிப்பதற்குள் தானே சொல்லத் தொடங்கிவிட்டாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.