எங்கட கிளப்

பொறாமைக்காரிக்குப் பச்சைத்தண்ணியும் புளிக்கும் என்று எங்கள் கட்டடத்துக் கீழ்வீட்டு அன்ரி சொல்வார். எனக்குப் பத்து வயதில் ஒரு கோடை முழுக்கத் தண்ணீர் புளித்தது. காரணம், நான் கண்ணாலும் கண்டிராத ஒரு நோர்வே ஊரின் ஐஸ் ஹொக்கிக் கிளப்.

அப்பாவின் தங்கை, அதாவது என் மாமி, அந்தக் கோடையில் நோர்வேயிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு பிரான்சில், லா சப்பலில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மச்சாள் என்னைவிட ஒரு வயது மூப்பு. வெயில் கொளுத்துகிற ஆடி மாதத்தில் அவள் கழுத்தில் நீலமும் வெள்ளையுமாய் ஒரு கம்பளிச் சால்வை. கிளப்பின் சால்வையாம். குளிக்கும்போது மட்டும்தான் கழற்றினாள்.

அப்பாவுக்கு ஒரு உணவகத்தின் குசினியில் வேலை. மதியச் சமையல் முடிந்து இரவுச் சமையல் தொடங்குவதற்குள் கொஞ்ச நேரம் வீட்டுக்கு வந்து போவார். அந்த இடைவேளையை எல்லாரும் குப்யூர் என்போம். வந்ததும் செற்றியில் சாய்ந்து துவாயால் முகத்தை மூடிவிடுவார். எங்கள் வீட்டில் சாமித்தட்டைவிடப் புனிதமானது அந்த நித்திரை. வகுப்பில் முதலாவதாய் வந்த சேதியைக்கூட, அது முடியட்டும் என்று வாய்க்குள் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அந்த நித்திரையை மச்சாள் வந்த மறுநாளே கலைத்தாள்.

"மாமா, எங்கட கிளப் எப்பிடித் தொடங்கினது எண்டு தெரியுமே?"

துவாய் விலகியது.

அன்றிலிருந்து ஒவ்வொரு குப்யூரிலும் கிளப்பின் சரித்திரம்தான். கடதாசி ஆலைத் தொழிலாளர் கொஞ்சப் பேர் பந்தடி வெளியில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்து விளையாடத் தொடங்கினார்களாம். மட்டை வாங்க வழியில்லாமல் காட்டுக்குள் வளைந்த கிளை தேடி வெட்டினார்களாம். ஒரு வருடம் குளிரே வராமல் ஆட்டமே இல்லையாம். பிறகு மண்டபம் கட்டினார்களாம், பனியின் பாரத்தில் கூரை இறங்கியதாம். எல்லாம் அவளுடைய தாய் தகப்பன் நோர்வேக்கு வருமுன்பே நடந்தவை. ஆனாலும் எல்லாவற்றிலும் "எங்கட", "நாங்கள்". "அந்த வரியம் நாங்கள் மோசமாத் தோத்தனாங்கள் மாமா" என்று பெருமூச்சு விடுவாள். ஏதோ அவளே வளைந்த கிளையோடு நின்று தோற்றதுபோல.

"அதுக்குப் பிறகு எங்களைக் கீழ இறக்கிப் போட்டாங்கள்."

"ஏன், ரிக்கற் எடுக்கேல்லையோ?" என்றார் அப்பா.

"ஐயோ மாமா, பஸ்ஸிலையிருந்தில்லை! தோத்தா, கீழ் வகுப்புக் கிளப்புகளோடதான் விளையாட விடுவினம்."

மறுபடி மேலே ஏறக் காசு சேர்க்கவென்று தாய்மார் வீடு வீடாய்ப் போய்க் கக்கூசுக் கடதாசி விற்றார்களாம். "சீ" என்றார் அம்மா. பின்னாளில் மாமியும் மண்டபத்து வாசலில் நின்று வாஃபிள் சுட்டாராம். "ஏலக்காய் போட்டால் சனம் அள்ளும் எண்டு கொண்டு போனன் அண்ணை. பாத்தால் அதுகள் என்னை முந்தி அரைச்சு வைச்சிருக்குதுகள்" என்று மாமி சொல்ல, அப்பா சிரித்து முடிக்கையில் வேலைக்கு நேரமாகிவிட்டது. நித்திரை போனதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

படியிறங்கும்போது அம்மாவிடம், "என்ர மருமகள் கதைக்கிற தமிழைப் பாரன், தேன்" என்றார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். எங்கள் வீட்டுக் காகத்துக்கு மட்டும் அடுத்த கூட்டுக் குஞ்சில் பொன் மின்னியது. அப்பா தமிழில் கேட்டால் நான் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள். "ஓம்" என்ற ஒரு சொல்லோடு பத்து வருடத்தை ஓட்டியிருந்தேன். இக்கரைக்கு அக்கரை பச்சை என்கிறார்களே, எனக்கு அக்கரை வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது.

மறுநாள் குப்யூரில் மச்சாள் வாய் திறக்குமுன் நான் திறந்தேன். எங்களுக்கும் ஒரு கிளப் இருக்கிறது என்று பிரெஞ்சில் தொடங்கினேன்.

மச்சாள் விழித்தாள். "எனக்கு விளங்கேல்லை. தமிழிலை சொல்லன்."

வேறு வழியில்லை. "எங்களுக்கும் கிளப் இருக்கு. லா சப்பல் கிளப். ஸ்டாலின்கிராட் கால்வாய் முழுக்க ஐஸ் வந்தது. கடை அங்கிள் எல்லாம் அதிலை விளையாடினது."

"விளையாடினவை" என்று திருத்தினாள் மச்சாள். "மட்டை?"

"அகப்பை."

"பந்து?"

"சிரட்டை."

அப்பா துவாயை மடித்து மடியில் வைத்தார். "பிறகு?" என்றார். என்னிடம். என் வாழ்நாளில் அவர் என்னிடம் கேட்ட முதல் "பிறகு" அது.

"பிறகு எங்களையும் கீழ இறக்கிப் போட்டாங்கள்."

"எதிலையிருந்து?"

நான் யோசித்தேன். எங்கள் சந்தியில் மெட்ரோ தலைக்கு மேலே பாலத்தில் ஓடுகிறது. "மெட்ரோவிலையிருந்து" என்றேன்.

அப்பா துவாயால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். சிரிப்பு எனக்கா மச்சாளுக்கா என்று கவனமாய்ப் பார்த்தேன். எனக்குத்தான்.

இடத்தைப் பார்க்கவேண்டும் என்று மச்சாள் பிடித்த பிடியில், அடுத்தநாள் மாமி எங்களைக் கால்வாய்க்குக் கூட்டிப்போனார். வெயிலில் படகுகள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஐஸ் எங்கை?"

"உருகிட்டுது."

 திரும்பும் வழியில் மச்சாள் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் தமிழ்க் கடை கடையாய் ஏறினாள். "என்ன பிள்ளை வேணும்?" என்று கடைக்காரர் கேட்பதும், "சும்மா பாக்க வந்தனான்" என்று இவள் சொல்வதும், அடுத்த கடைக்குப் போவதும். எனக்குக் கால் உளைந்தது. வாசலொன்றில் நின்று சொன்னாள்: "எங்கட கிளப்பிலை தமிழ் கதைக்கிற ஆள் நான் ஒராள்தான்."

பெருமைப் புளுகு அடிக்கிறாள் என்று நினைத்தேன். "எங்கட கிளப்பிலை எல்லாரும் தமிழ்தான்" என்றேன் சுடச்சுட.

அவள் கடைக்குள் பார்த்தபடி சால்வையை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். வென்றேன் என்று குதித்துக்கொண்டு வீடு வந்தேன்.

அவர்கள் போன மறுநாள் அப்பா பழையபடி துவாயால் முகத்தை மூடினார். நான் சத்தமில்லாமல் கதவுப்பக்கம் நகர, துவாய்க்குள்ளிருந்து குரல் வந்தது.

"எங்கட கிளப் என்ன மாதிரி? மேல ஏறிட்டமோ?"

அந்த வருடமும் அடுத்த வருடமும், நான் தமிழில் தடக்காமல் சண்டைபிடிக்கும் வயதுவரை, லா சப்பல் கிளப் இறங்கியும் ஏறியும் விளையாடியது. அப்பாவின் வேலைத்தலம் கால்வாய்க்கு அந்தப் பக்கம். நாளுக்கு நான்கு தரம் கால்வாய்ப் பாலத்தைக் கடந்தவர் அவர். அது எனக்கும் தெரியும். தெரிந்தும், பாவம் அப்பா, நான் சொல்வதையெல்லாம் அப்படியே நம்புகிறாரே என்று அவருக்காக இரக்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.