ரைஸ் மில் எரிந்த மத்தியானம்

இன்று குக்கரில் சோறு தீய்ந்த வாசனையில், பிள்ளைகளே, எனக்குக் குத்தாலத்து ரைஸ் மில் நினைவு வந்தது. அங்கே அவித்த நெல்லை மில் களத்தில் பரப்பி, ஒரே சீராகக் காய்வதற்காக என் அம்மாவும் மற்றப் பெண்களும் வெயிலில் காலால் கிளறியபடியே நடப்பார்கள்.

மில்லை இடித்துக் கடைகள் கட்டப்போவதாக ஊரெல்லாம் பேச்சிருந்த கோடையில், ஒரு மத்தியானம் உமிக் கொட்டகையில் பற்றிய தீ மில்லின் கூரைக்கு ஏறியது. எல்லோரும் நின்றுவிட்டார்கள். அம்மா மட்டும் கிளறிக்கொண்டிருந்தாள்.

“மில்லே போச்சு. இத எங்கடி அரைக்கப் போற?” என்றாள் கூட வேலை செய்த அஞ்சலை.

“பாதியில விட்டா அரிசி நொய்யாப் போயிடும்க்கா.”

அஞ்சலையும் நெல்லில் இறங்கினாள். சாயங்காலம் குவித்து மூடிவிட்டு, நாளைக்கு வேலை உண்டா என்று கேட்கக் காத்திருந்தார்கள். சொல்ல யாரும் வரவில்லை. மறுநாளும் அம்மா போனாள். களத்தைச் சுற்றி ஆட்கள் கம்பிவேலி போட்டுக்கொண்டிருந்தார்கள்.